வழியில்லாத ஆறு ஏக்கர்

டாயில் ராத்போன் எங்களை நிலம் பார்க்கக் கூட்டிப்போன அன்றைக்கு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பழைய கார் விற்கும் கடையில் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். விற்கிறவன் எப்போது சிரிப்பான், எதை மறைக்கும்போது கூடுதலாகச் சிரிப்பான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓடாத வண்டியை ஒருவர் தலையில் கட்டும்போதுதான் எங்கள் முதலாளி தன் கையால் காபி கலந்து கொடுப்பார்.

நிலம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. மலையின் தோள்பட்டையில் ஆறு ஏக்கர். பின்னால் ஓக் மரங்கள், முன்னால் தெற்குப் பார்த்த மேடு, வீடு கட்ட வெட்டி நிரப்ப வேண்டிய வேலைகூட அதிகமில்லை. பக்கத்துச் சரிவில் இதே அளவு நிலம் போன விலையில் பாதிதான் டாயில் கேட்டார். என் வீட்டுக்காரன் வெர்லின் அதற்குள் பூட்ஸ் காலால் மண்ணில் கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

"ரோவீனா, இங்க சமையக்கட்டு. ஜன்னல் இந்தப் பக்கம். காலையில வெயில் நேரா உன் மூஞ்சில விழும்."

"என் மூஞ்சி இருக்கட்டும். இவ்வளவு நல்ல நிலம் ஏன் இன்னும் விக்காமக் கெடக்கு?"

"நமக்காகத்தான்னு வச்சுக்கயேன்."

வெர்லின் எரிவாயு லாரி ஓட்டுகிறவன். எங்கள் மாவட்டத்தில் பாதி வீட்டுத் தொட்டிகளை அவன்தான் நிரப்புகிறான். எல்லா வீட்டிலும் ஒரு துண்டு கேக்கும் நாலு நல்ல வார்த்தையும் கிடைத்துவிடுவதால் உலகமே நல்லவர்களால் ஆனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன, வீட்டுக்கு ஒருவர் சந்தேகப்பட்டால் போதும்.

எங்களுக்கு அவசரம் இருந்தது. நாங்கள் குடியிருந்த டிரெய்லர் வீடு வெர்லினுடைய அண்ணன் நிலத்தில் நின்றது. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அடுத்த வசந்தத்துக்குள் அந்த இடம் அவனுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் டிரெய்லரோ தூக்கி நகர்த்தினால் பாதி வழியில் உதிர்ந்துவிடும். கையில் இருந்தது இத்தனை வருஷச் சேமிப்பு. அது போனால் வாடகை வீட்டிலேயே கட்டையைச் சாய்க்க வேண்டியதுதான்.

முதலில் வங்கிக்குப் போனோம். டை கட்டிய பையன் ஒருவர் பொறுமையாகவே பேசினார்.

"வெறும் நிலத்துக்கு மட்டும் நாங்க கடன் தர்றதில்லீங்க. வீடும் கட்டுறதா இருந்தா ரெண்டுக்கும் சேத்து ஒரே கடனாத் தரலாம். ஆனா தண்ணி இருக்கணும், கழிவுநீர்க் குழிக்கு மண்ணு ஒத்துவரணும், ரோட்டுல இருந்து நெலம் வரைக்கும் எழுத்துல பதிஞ்ச வழி இருக்கணும்."

தண்ணீருக்குக் கவலையில்லை, அந்த மலையில் எங்கே துளைத்தாலும் ஊறும். மண்ணையும் சுகாதாரத் துறை ஆள் வந்து குழி தோண்டிப் பார்த்து, தேறும் என்று சொல்லிவிட்டார். வழிதான் இடித்தது. ரோட்டிலிருந்து டாயில் நிலத்துக்குப் போகிற சரளைப் பாதை ஆர்ஃபா மெட்காஃப் என்ற கிழவியின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே கடந்து போகிறது. அந்தப் பாதையைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுத்து கிடையாது.

டாயிலிடம் கேட்டோம். அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கப்பா காலத்துல இருந்து அதுலதான் போறோம், வர்றோம். இதுக்கு எழுத்து எதுக்கு? வங்கி கெடக்கட்டும் தம்பி, நானே கடன் தர்றேன். முன்பணம் கொஞ்சம் குடு, மீதிய மாசாமாசம் என்கிட்டயே கட்டு. வட்டியும் வங்கியவிடக் கம்மி."

எங்கள் பக்கம் இது ஊரில் நடக்கிற வழக்கம்தான். வங்கி கைவிட்ட நிலத்துக்கு விற்கிறவரே கடன் கொடுப்பார். தவணை தவறினால் நிலம் திரும்பிப் போய்விடும், கட்டிய பணமும் அதோடு போய்விடும். தெரிந்தேதான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் ஆதாயம் இல்லாமலா ஆற்றைக் கட்டி இறைக்கிறான்? பாதி விலை, குறைந்த வட்டி, இந்தச் சிரிப்பு. மூன்றும் ஒரு இடத்தில் சேர்ந்தால் நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இருந்தாலும் ஒப்பந்தம் போட்டோம். வேறு நிலம் எங்கள் கைக்கு எட்டவில்லை. நான் ஒரே ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொன்னேன். செப்டம்பர் முடிவதற்குள் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொண்டுவந்தால் இதே விலைக்கு அவர் நிலத்தை எழுதித் தந்துவிட வேண்டும். கொண்டுவர முடியாவிட்டால் அவருடைய மாதத் தவணை.

"முழுப் பணமா? எந்த வங்கிம்மா இதுக்குத் தரும்?" என்று சிரித்துக்கொண்டே டாயில் கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த வாரம் நாங்கள் புதர் வெட்டப் போனோம். மேட்டின் பின்பக்கம் பிளாக்பெர்ரி முள்ளுக்குள் வெர்லினுடைய அரிவாள் எதிலோ மோதித் தீப்பொறி பறந்தது. முள்ளை விலக்கிப் பார்த்தால் மூன்று படுக்கையறை வீட்டுக்குப் போடுகிற அளவில் கான்கிரீட் அடித்தளம். மூலைக்கு மூலை கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ வீடு கட்ட ஆரம்பித்து அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டாயிலுக்குப் போன் போட்டேன்.

"அதா? எவனோ கோழிக்கொட்டாய் போட்டான், விட்டுட்டான்."

"கோழிக்கு எதுக்குங்க மூணு படுக்கையறை?"

சிரித்தார், ஆனால் தாமதமாக.

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, வெர்லின் அண்ணனுக்கு நிலத்தைக் காட்டுவதற்காகப் போனோம். ரோட்டை விட்டுத் திரும்புகிற இடத்தில் பாதையின் குறுக்கே, இரண்டு கட்டைக்கு நடுவில் கனமான சங்கிலி தொங்கியது. பூட்டு போட்டிருந்தது. மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு ஒரு உருவம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கையசைத்தோம். அது அசையவில்லை.

கால் மணி நேரத்தில் டாயிலின் வண்டி வந்து நின்றது. நாங்கள் கூப்பிடவேயில்லை. இன்றைக்குச் சங்கிலி விழும் என்று தெரிந்து காத்திருந்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா அந்தக் கிழவி வேலைய? என்ன திமிரு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கத்திலிருந்து நீளக் கைப்பிடி வைத்த கம்பி வெட்டியை எடுத்து வெர்லின் கையில் கொடுத்தார். "தம்பி, இது இனி உன் வழி. வெட்டிப் போடு. பயந்தா காலம்பூரா இப்படித்தான் வெளிய நிக்கணும்."

வெர்லின் அதை வாங்கிக்கொண்டான். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற கை அது. சங்கிலியை நோக்கி இரண்டு எட்டு வைத்தும்விட்டான்.

"நில்லு" என்றேன். பிறகு டாயில் பக்கம் திரும்பினேன். "நெலம் இன்னைக்கும் உங்க பேர்லதான இருக்கு? உங்க அப்பா காலத்து வழிதான? நீங்களே வெட்டுங்களேன்."

"எனக்கு எதுக்கும்மா வயசான காலத்துல வம்பு?"

"வெட்டினா வம்புன்னு தெரியுதுல்ல? அத எங்க கையில எதுக்குக் குடுக்குறீங்க?"

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். கம்பி வெட்டியை வாங்கி வண்டியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். வெர்லினின் அண்ணன், "உன் பொண்டாட்டி வாய்க்கு ஒரு சங்கிலி போட்டா தேவலாம்" என்றார். போட்டுப் பார்க்கட்டும்.

மறுநாளே எங்கள் கடை மெக்கானிக்கிடம் விசாரித்து, அந்த அடித்தளம் போட்ட ஆளைப் பிடித்தேன். டெலாஸ் என்று பெயர். பக்கத்து மாவட்டத்தில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் போனில் பெருமூச்சு விட்டான்.

"கம்பி வெட்டியக் குடுத்தானா? எனக்கும் அதேதான் குடுத்தான். நான் வெட்டிட்டேன். அந்தம்மா கேஸ் போட்டாங்க. தவணை கட்ட வச்சிருந்த காசெல்லாம் வக்கீல் வயித்துக்குப் போச்சு. வீடு கட்ட வங்கியில கேட்டா, வழி இல்லாத எடத்துக்குக் கடன் இல்லேன்னுட்டான். தவணை நின்னுச்சு, டாயில் நெலத்தத் திருப்பி எடுத்துக்கிட்டான். எனக்கு முன்னாடி இன்னொருத்தனும் இப்படியே போயிருக்கான்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. டாயில் நிலம் விற்கவில்லை. அதே நிலத்தைத் திரும்பத் திரும்ப வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். எங்களில் யாராவது ஒருவர் தன் காசில் கோர்ட்டுக்குப் போய், எப்படியோ ஜெயித்து அந்த வழியை வாங்கிவிட்டால் அது அவனுக்கு இனாம். அன்றிலிருந்து என் வாயில் அவர் அவனாகிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைவிடப் பயம். முன்பணம் அவன் பையில் இருந்தது.

ஒரே ஒரு கதவுதான் பாக்கி. ஆப்பிள் கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு ஆர்ஃபா மெட்காஃப் வீட்டுக்குத் தனியாகப் போனேன். விறகு எரிக்கிற வீடு என்பதால் வெர்லினுக்கு அங்கே வேலையும் இல்லை, பழக்கமும் இல்லை. மலைப்பக்கம் யார் வீட்டுக் கதவையும் நேரே போய்த் தட்டக் கூடாது. வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். தோட்டத்தில் பீன்ஸ் விதை ஊன்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒல்லி உடம்பு, ஆண்பிள்ளைச் சட்டை.

"கையில என்ன?"

"கேக்குங்க, மிஸ் ஆர்ஃபா." எங்கள் பக்கம் வயதான பெண்களை, கல்யாணமானவர்களாக இருந்தாலும், மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"உள்ள என்ன?"

"ஆப்பிள்தான்."

"அதச் சொல்லல. என்ன வேணும்னு வந்திருக்கே?"

சுற்றி வளைத்துப் பேச வாய்ப்பில்லை என்று தெரிந்துவிட்டது. "உங்க பாதையில எங்களுக்கு வழி எழுதித் தரணும்."

"டாயில் அனுப்பினானா?"

"அவனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுபோடுவான்."

அவர் மண்வெட்டியை வேலியில் சாய்த்தார். முதல்முறையாக என்னை ஒழுங்காகப் பார்த்தார்.

"அந்தச் சங்கிலி எதுக்குன்னு தெரியுமா? வருஷாவருஷம் இதே ஞாயித்துக்கெழம, ஒரு நாள் அடைக்கணும். மத்த நாளு எவன் வேணா போகலாம், வரலாம், நான் வாயத் தொறக்க மாட்டேன். அந்த ஒரு நாள் அடைக்காம விட்டுட்டா, என் தயவு அவன் உரிமை ஆயிடும். எங்க வீட்டுக்காரர் செஞ்சாரு, இப்ப நான் செய்யுறேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எதிர்லயே உக்காந்திருப்பேன், மழை பேஞ்சாலும்."

"டாயில் மேல என்னங்க அவ்வளவு கோபம்?"

"எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, பாதையோரம் நின்ன வால்நட் மரத்தையெல்லாம் அறுத்து வித்துட்டான். கேட்டா, எல்லை தெரியலேன்னான். சாவு விசாரிக்க வந்தப்ப சிரிச்சுக்கிட்டே வந்தான்."

"நான் அவன் இல்லியே."

"நீ அவன் இல்ல. ஆனா வழிய எழுதினா அது உன்கூட இருக்காதும்மா, நெலத்தோட போகும். நீ தவணை தவறினா நெலம் அவன்கிட்டப் போகும், என் பாதையும் பின்னாலயே போகும். அவன் உனக்குக் கடன்காரனா இருக்கிற வரைக்கும் என் கை பேனாவத் தொடாது."

நியாயம்தான். வழி எழுதினால்தான் வங்கி கடன் தரும். வங்கி கடன் தந்தால்தான் டாயிலைத் தீர்க்க முடியும். டாயில் தீர்ந்தால்தான் இவர் வழி எழுதுவார். யார் முதல் அடி வைப்பது? பூனைக்கு மணி கட்டுகிற கதைதான். ஒப்பந்தத்தில் நான் சேர்க்கச் சொன்ன வரியைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் ஒரே மேஜையில், ஒரே சமயத்தில் உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன்.

"அவன் மொதல்ல போடணும். அத என் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் நான்."

"என்னை நம்புறீங்களா, மிஸ் ஆர்ஃபா?"

"உன்னை எதுக்கு நம்பணும்? நீ அவன நம்பல. இப்போதைக்கு எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வக்கீல் ப்ரூயிட்டம்மாதான் இந்த ஏற்பாட்டைச் செய்து தந்தார். வங்கியும் ஒத்துக்கொண்டது. டாயில் நிலத்தை எழுத வேண்டும், ஆர்ஃபா வழியை எழுத வேண்டும், இரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகுதான் பணம் கைமாறும். ஒன்று தவறினாலும் ஒன்றுமில்லை. கோடை முழுக்க எனக்கிருந்த ஒரே பயம் வெர்லினுடைய வாய். தவளையைப் போல அவனும் தன் வாயால் கெடுகிற ஜாதி. எந்த வீட்டுத் தொட்டியை நிரப்பும்போதும் வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், வானிலையைப் பற்றியே பேசிப் பேசிச் சோர்ந்துபோனான்.

முழுப் பணம் வருகிறது என்று வக்கீல் தெரிவித்ததும் டாயில் எங்கள் கார் கடைக்கே வந்துவிட்டான்.

"எங்கம்மா கெடச்சுது இவ்வளவு காசு?"

"குடும்ப விஷயங்க. கேக்காதீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

யாரோ செத்துச் சொத்து வந்திருக்கிறது என்று அவனாகவே முடிவு செய்து, தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. வேலை முடிந்து அந்த ரோட்டு வழியாகத் திரும்பினேன். ஆர்ஃபா வீட்டு வாசலில் டாயிலின் வண்டி நின்றது. இருவரும் வேலியின் இருபக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆர்ஃபா தலையாட்டியதையும் பார்த்தேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேரும் கூட்டோ? சங்கிலி ஒரு கை, கம்பி வெட்டி இன்னொரு கையோ? வால்நட் மரக் கதைக்கு என்ன சாட்சி? வெர்லின், "போய் நேரா கேட்டுடேன்" என்றான். கேட்கவில்லை. பொய் சொல்ல நினைக்கிறவரிடம் கேட்டால் பொய்தானே வரும்.

குறித்த நாளில் வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம். ஆர்ஃபா எங்களுக்கு முன்பே வந்து, ஜன்னலோர நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்ச்சுக்குப் போகிற உடுப்பு. எனக்கு ஒரு தலையசைப்புக்கூட இல்லை. கடைசியாக டாயில் வந்தான். சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவன், ஜன்னல் பக்கம் பார்த்ததும் நின்றுவிட்டான். கணக்குப் போடத் தெரியாதவனா? வழியில்லாத நிலத்தின் விலைக்கு வழியுள்ள நிலத்தைக் கொடுக்கப்போகிறோம் என்பது அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"நான் கையெழுத்துப் போடல."

"ஒப்பந்தம் இருக்குங்க" என்றார் வக்கீல்.

"கேஸ் போடுங்க. நான் காத்திருப்பேன். எனக்கு அது பழக்கம்தான்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினான். "ஆர்ஃபா, அன்னைக்கு உன் வாசலுக்கே வந்து மேய்ச்சல் நெலத்துக்கு நல்ல வெலை சொன்னேன். யோசிக்கிறேன்னு தலையாட்டினியே?"

"யோசிச்சேன்" என்றார் ஆர்ஃபா. எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "டாயில், நீ இன்னைக்குப் போடலேன்னா நானும் போடாம வீட்டுக்குப் போயிடுவேன். நெலம் உனக்கு, பாதை எனக்கு. நான் போனப்புறம் என் தங்கச்சி மகன் வருவான். அவன் என்னைய மாதிரி வருஷத்துல ஒரு நாள் அடைக்கிறவன் இல்ல. வருஷம்பூரா அடைப்பான். நீ உன் நெலத்துக்குப் பறந்துதான் போகணும்."

டாயில் மேஜையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். இப்போது கிடைக்கிற முழுப் பணமா, யாருமே போக முடியாத ஆறு ஏக்கரா? கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்து, பேப்பர் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டான்.

வக்கீல் அடுத்த காகிதத்தை ஆர்ஃபாவின் முன்னால் நகர்த்தினார். ஆர்ஃபா பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்தக் கிழவி வந்ததே டாயில் தோற்பதை வேடிக்கை பார்க்கத்தானோ? பார்த்தாகிவிட்டது. இனிமேல் எழுந்து போய்விட்டால்? பணம் வராது, நிலம் டாயிலுக்கே, தவணை எங்கள் தலையில். அந்தக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அசையாமல் பார்ப்பவருக்கு நாங்கள் யார்? ஒரு கேக் கொண்டுவந்தவள், அவ்வளவுதான். அவரை அந்த நிமிஷம் வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்மேல சந்தேகமா இருக்குதா?"

மேஜைக்கு அடியில் வெர்லின் என் காலை மிதித்தான். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க, மிஸ் ஆர்ஃபா" என்றான்.

"உன்னைக் கேக்கல, தம்பி."

அழகாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில் தினமும் கேட்கிற வார்த்தைகள்தான், எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் வரவில்லை.

"ஆமாங்க. இருக்கு. அவன் வண்டிய உங்க வாசல்ல பாத்ததுல இருந்து ராத்திரி தூக்கமில்ல. இப்பவும் நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னுதான் நெனைக்கிறேன்."

வெர்லின் கண்ணை மூடிக்கொண்டான். டாயில் மட்டும் மெல்ல நிமிர்ந்தான்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் என்னைய முழுசா நம்புறதாச் சொன்னாங்க" என்றார் ஆர்ஃபா. "அப்புறம் சங்கிலிய வெட்டினாங்க. எனக்கும் உன்மேல சந்தேகம் இருக்கு."

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த மேஜையில் உடைந்து அழுதது வெர்லின்தான் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.